ஸ்பைகிராஃப்ட் (1996): சுட்டவன் எங்கே நின்றான்? மூன்று இரவாக முட்டிக்கொண்டிருக்கிறேன்

முள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. முதலிலேயே ஒரு வேண்டுகோள்: விடையை நேராகப் போட்டு உடைத்துவிடாதீர்கள். வழி மட்டும் காட்டினால் போதும்.

"ஸ்பைகிராஃப்ட்: தி கிரேட் கேம்" விளையாடிக்கொண்டிருக்கிறேன். அதில் நமக்குக் குறிப்புப் பெயர் தார்ன், அதாவது முள். அதையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், நாம் சி.ஐ.ஏ.வில் புதிதாகச் சேர்ந்த அதிகாரி. ரஷ்யாவில் அதிபர் தேர்தலில் நிற்கும் ஒரு வேட்பாளரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அதைத் துப்புத்துலக்கப் போனால் நூல் இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போய், கடைசியில் அமெரிக்க அதிபரின் உயிர் வரை வந்து நிற்கிறது. நடிகர்களை வைத்துப் படம்பிடித்த காட்சிகள், அலுவலக மேசை, வந்து குவியும் மின்னஞ்சல்கள். பக்கத்து அறையிலிருந்து பார்த்தால் நான் வேலை செய்கிறேன் என்றே நினைப்பார்கள்.

மாட்டிக்கொண்ட இடம் இது. கொலை நடந்த இடத்தைக் கணினியில் மாதிரியாக எழுப்பி, குண்டு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கோடு போட்டுப் பார்க்க ஒரு கருவி தருகிறார்கள். அதன் பெயரிலேயே கென்னடி இருக்கிறார். அந்தப் பெயரைப் பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. அறுபது ஆண்டுகளாக மக்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வழக்கின் பெயரை வைத்துவிட்டு, "இதோ, தெளிவாகக் கண்டுபிடி" என்கிறார்கள்.

முதல் நாள் கோடு போட்டேன். வானத்தில் போய் முடிந்தது. அதாவது வேட்பாளரைச் சுட்டது ஒரு பறவை. இரண்டாம் நாள் கொஞ்சம் இறக்கினேன். சுவருக்குள் போனது. ஜன்னல்கூட இல்லாத வெறும் சுவர். மூன்றாம் நாள் எனக்குள் ஒரு சாத்தான் புகுந்தது. "எந்த ஜன்னலில் ஒளிந்தால் வசதி?" என்று முதலில் பார்த்து, பிடித்தமான ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, கோடு அங்கே போய்ச் சேரும்வரை எல்லாவற்றையும் நகர்த்தினேன். சேர்ந்தது. என்ன அழகான கோடு தெரியுமா! ஆனால் அதை வைத்துக்கொண்டு கதை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், நான் பிழைப்புக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறவன். புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்கிற பாடம், "கடைசித் தொகையை முதலில் எழுதிவிட்டு மேலே இருக்கிற வரிகளைத் திருத்தாதே" என்பதுதான். இருப்பில் 4,300 உதைத்தால் அந்த 4,300-ஐ எங்கேயாவது ஒரு தலைப்பில் நுழைத்து டேலி ஆக்கிவிடுகிற ஆட்களை நான் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! இப்போது நானே ஒரு கொலையை டேலி ஆக்கி வைத்திருக்கிறேன்.

கேட்க வந்தது இரண்டு. ஒன்று, இந்த மாதிரிக் கோடு போடும்போது எதை முதலில் உறுதி செய்ய வேண்டும்? உடலையா, காயத்தையா, நேரத்தையா? இரண்டு, சத்தத்தை நம்பலாமா? படத்தைப் பார்க்கும்போது கூட்டம் ஒரு பக்கம் திரும்புவதாக எனக்குத் தோன்றுகிறது. அதை வைத்துத் திசை சொல்ல முடியுமா?

மூன்று இரவும் ஒரே ஒரு சேவ் கோப்பில்தான் ஓட்டினேன். திட்டுவதானால் அதற்கும் சேர்த்துத் திட்டிவிடுங்கள்.


பழைய தட்டு எழுதியது:

ஒரே சேவ் கோப்பா? அட பாவி மனுஷா. இந்தக் காலத்து கேம் மாதிரி இதுவே பத்து இடத்தில் சேமித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு கட்டம் தாண்டியதும் புதுப் பெயரில் ஒன்று போட்டுவையுங்கள். நான் இதை மூன்று சிடியில் விளையாடியவன். இரண்டாவது சிடியில் கீறல் விழுந்து, எலுமிச்சம்பழம் தேய்ப்பதைத் தவிர எல்லா வைத்தியமும் பார்த்திருக்கிறேன்.

டாஸ்பாக்ஸில், அதாவது பழைய டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருளில், ஓட்டுகிறீர்களா? துப்பாக்கி பிடிக்கிற இடங்களில் சுட்டி கண்டபடி பாய்ந்தால் கண்ட்ரோலும் எஃப் 11-உம் சேர்த்து அழுத்துங்கள், வேகம் குறையும். எஃப் 12 கூட்டும். சுடுகிற கட்டங்கள் சுமார்தான், அதற்காக மனம் தளர வேண்டாம். இந்த கேமின் உயிர் மேசையில்தான் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரே வரி. கருவியைத் தொடுவதற்கு முன்னால் வந்த மின்னஞ்சல்களை இன்னொரு முறை, மெதுவாகப் படியுங்கள். நான் முதல் தடவை தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனேன். வேலையிலும் அப்படித்தான், அது வேறு கதை.


கோணமானி எழுதியது:

முள் அவர்களே, நான் நில அளவையில் இருப்பவன். சங்கிலியும் தியோடலைட்டும் பிடித்த கை. இந்தக் கருவியைப் பார்த்ததும் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. கேமின் விடையைத் தொடாமல், கென்னடி வழக்கையே வைத்துச் சொல்கிறேன். பெயரை அவர்கள்தானே எடுத்துக்கொடுத்தார்கள்.

1963 நவம்பர் 22, டாலஸ். திறந்த காரில் போய்க்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட நாள். ஆப்ரகாம் ஜாப்ரூடர் என்பவர் 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்த படம் இருக்கிறதே, அது மொத்தம் 26 விநாடி சொச்சம், 486 சட்டகம் (படச்சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப்படமும் ஒரு சட்டகம்). விநாடிக்கு 18.3 சட்டகம் என்று எஃப்.பி.ஐ. கணக்கிட்டது. அப்படியானால் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விநாடியில் பதினெட்டில் ஒரு பங்கு. சுடப்பட்டவர் கால் விநாடியில் எவ்வளவு சாய்ந்துவிடுவார்? நான்கைந்து சட்டகம் தள்ளி எடுத்தாலே நீங்கள் வேறோர் உடலுக்குக் கோடு போடுகிறீர்கள். முதல் நாள் உங்கள் கோடு வானத்துக்குப் போனதற்கு என் சந்தேகம் அதுதான். மனிதர் விழ ஆரம்பித்த பிறகு இருக்கிற நிலையை எடுத்து, அதை வைத்துப் பின்னோக்கிப் போயிருப்பீர்கள்.

அடுத்தது சரிவு. 1964 மே 24 அன்று, கொலையை விசாரித்த அரசுக் குழுவான வாரன் ஆணையத்துக்காக டாலஸில் அந்தச் சம்பவத்தைத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். சுட்டவன் இருந்ததாக ஆணையம் சொன்ன ஆறாவது மாடி ஜன்னலில் ஒருவரை உட்காரவைத்து, கீழே காரை நகர்த்தி நகர்த்தி, சட்டகம் சட்டகமாகக் கோணம் எடுத்தார்கள். 210-ஆம் சட்டகத்தில் 21 பாகை 34 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). 225-ஆம் சட்டகத்தில் 20 பாகை 11 கலை. சராசரி 20 பாகை 52 கலை 30 விகலை. ஆனால் ஆணையம் எடுத்துக்கொண்டது 17 பாகை 43 கலை 30 விகலை. மீதி எங்கே போனது? தெரு! எல்ம் தெரு அந்த இடத்தில் 3 பாகை 9 கலை சரிந்து இறங்குகிறது. கார் சரிவில் நின்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவரும் சரிந்துதான் இருப்பார். அதனால் அதைக் கழித்தார்கள். அன்று பயன்படுத்தியது அதிபர் போன காரும் அல்ல, வேறொரு கார். அதில் உட்கார்ந்தவர்கள் சுமார் 10 அங்குலம் உயரமாக இருந்தார்கள். அதற்கும் கணக்கு வைத்தார்கள். நீங்கள் ஆணையத்தின் முடிவை நம்புங்கள், நம்பாமல் போங்கள். இந்தக் கழித்தல் வேலை சரியான வேலை. அளவைக்காரன் என்ற முறையில் அதற்கு என் சலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே குண்டு கென்னடியைத் துளைத்து, அதே காரில் முன்னால் இருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியையும் தாக்கியது என்றது ஆணையம். அதைக் கேலி செய்து "மாயக் குண்டு" என்று ஒரு படம் எல்லா இடத்திலும் சுற்றுமே, குண்டு காற்றில் நின்று யோசித்துத் திரும்பி அடுத்தவர் மேல் பாய்வது போல. அந்தப் படத்தில் கென்னடிக்கு நேர் முன்னால், அதே உயரத்தில் ஆளுநர் கானலியை உட்காரவைத்திருப்பார்கள். உண்மையில் கானலி உட்கார்ந்தது மடக்கு இருக்கை. பின் இருக்கையைவிடத் தாழ்வு, கதவிலிருந்து உள்ளே தள்ளியும் இருந்தது. போதாததற்கு அவர் உடம்பு வலப்பக்கம் திரும்பியிருந்தது. எழுபதுகளின் கடைசியில், வழக்கை மறுபடி விசாரித்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவுக்காக நாசா பொறியாளர் தாமஸ் கேனிங் பாதை போட்டுப் பார்த்தபோது இருவரையும் அவரவர் இடத்தில் வைத்துத்தான் போட்டார். கோடு நேராகவே வந்தது. ஆட்களைத் தப்பான இடத்தில் உட்காரவைத்துவிட்டுக் குண்டின் மேல் பழி போட்டால் எப்படி?

உங்களுக்காகக் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். சுட்டவன் 60 மீட்டர் தள்ளி இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கோடு 20 பாகை ஏறினால் அவ்வளவு தூரத்தில் ஏறக்குறைய 22 மீட்டர் உயரம். 30 பாகை ஏறினால் ஏறக்குறைய 35 மீட்டர். உடல் வெறும் 10 பாகை முன்னால் சாய்ந்திருந்ததை நீங்கள் கவனிக்காமல் விட்டால் 13 மீட்டர் பிசகும். நான்கு மாடி! கீழ்மாடியில் நின்றவனைத் தேடி மொட்டை மாடிக்குப் போய் நிற்பீர்கள். பேச்சாளர் என்றால் மைக்கைப் பார்த்துக் குனிவார், கையை உயர்த்துவார், கூட்டத்தைப் பார்த்து அரைவட்டம் திரும்புவார். நெட்டைக் கம்பம் மாதிரி நிற்கமாட்டார்.

ஆகவே என் வரிசை: நேரம், பிறகு இடம், பிறகு உடலின் சாய்வு, கடைசியில்தான் கோடு. ஜன்னலை எதிர்காலத்துக்கு விட்டுவிடுங்கள்.


முள் எழுதியது:

கோணமானி அண்ணா, நான்கு மாடி என்றதும் எழுந்து நின்றுவிட்டேன். நான் வேட்பாளரை நெட்டைக் கம்பமாகத்தான் வைத்திருந்தேன். படத்தைத் திரும்ப ஓட்டி, ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட ஆரம்பித்திருக்கிறேன். இடப்பக்கம் "கண்டது", வலப்பக்கம் "நினைத்தது". முதல் பக்கம் முடிந்தபோது இடப்பக்கம் நான்கு வரி, வலப்பக்கம் பதினெட்டு. என் மூன்று இரவு உழைப்பின் ஐந்தொகை அதுதான்.

இன்னும் பெரிய அசிங்கம் ஒன்று. "கூட்டம் ஒரு பக்கம் திரும்பியது" என்று எழுதினேனே, அது எந்தப் பத்தியில் வர வேண்டும் என்று பார்க்க மறுபடி ஓட்டினேன். என் கண்ணில் பட்டவரை மூன்று தலை ஒரு பக்கம், இரண்டு தலை இன்னொரு பக்கம், மீதிப் பேர் குனிந்துவிட்டார்கள். நான் அந்த மூன்று தலையை வைத்துக்கொண்டு "கூட்டம்" என்று எழுதியிருக்கிறேன்.

சத்தம் பற்றி மட்டும் சொல்லிவிடுங்கள்.


கோணமானி எழுதியது:

சத்தம் பொல்லாதது. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு என்றால், அந்தப் பக்கம் நிற்பவர் காதில் இரண்டு சத்தம் விழும். முதலில் குண்டு காற்றைக் கிழிக்கும் "டக்". பிறகு துப்பாக்கி வாயிலிருந்து வரும் "டும்". 200 மீட்டர் தூரம், குண்டின் சராசரி வேகம் விநாடிக்கு 700 மீட்டர் என்று வைத்தால் குண்டு 0.29 விநாடியில் வந்துவிடும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர், ஆகவே 0.59 விநாடி ஆகும். நடுவில் இருக்கிற 0.3 விநாடிதான் தூரத்தைச் சொல்கிறது. படைவீரர்கள் இதை வைத்துத் தூரம் கணிக்கப் பழகுகிறார்கள்.

திசைக்கு இது உதவாது என்பதுதான் வேடிக்கை. முதல் "டக்" சுட்டவன் பக்கமிருந்து வருவது போலவே இருக்காது. குண்டு போகிற பாதையில் ஏதோ ஓரிடத்திலிருந்து, பக்கவாட்டில் வருவது போல இருக்கும். பயந்தவர் அந்த முதல் சத்தத்துக்குத்தான் திரும்புவார். சுற்றிலும் கட்டடம் இருந்தால் எதிரொலி வேறு சேர்ந்துகொள்ளும். டாலஸில் சாட்சிகள் ஆளுக்கொரு திசை காட்டியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அங்கேயே இன்னொரு பாடமும் நடந்தது. ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிளின் மைக் திறந்தே கிடந்தது, அதில் ஒருவனே சுட்டதாகச் சொல்லப்பட்ட மூன்றுக்கு மேல் நான்காவது வெடிச்சத்தம் பதிவாகியிருக்கிறது என்று நம்பி, 1979-இல் நான் முன்பு சொன்ன பிரதிநிதிகள் சபைக் குழு "அநேகமாகச் சதி" என்று அறிக்கை கொடுத்தது. 1982-இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு அதே பதிவை ஆராய்ந்து, அந்தச் சத்தங்கள் சுட்டு ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துப் பதிவானவை என்றது. சத்தம் இருந்தது. நேரம்தான் தப்பு. பாருங்கள், மறுபடியும் நேரத்திலேயே வந்து நிற்கிறோம்.


நிழல்வீதி எழுதியது:

நான் விளையாட்டைவிட அதில் தலைகாட்டுகிற இரண்டு கிழவர்களுக்காக இதை இரண்டு தடவை முடித்தவன். கோணமெல்லாம் கோணமானி பார்த்துக்கொள்வார், நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

வில்லியம் கோல்பியும் ஒலெக் கலுகினும் இதில் தாங்களாகவே வருகிறார்கள். வேஷம் இல்லை. கோல்பி 1973-இலிருந்து 1976 தொடக்கம் வரை சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் பிரான்சுக்குள் குதித்தவர். கலுகின் கே.ஜி.பி.யில் மேஜர் ஜெனரல், வெளிநாட்டு எதிர் உளவுப் பிரிவின் தலைவராக இருந்தவர். இருபது ஆண்டுக்கு முன்னால் ஒருவர் ஆளை இன்னொருவர் விலைக்கு வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே கணினி விளையாட்டுக்கு ஆலோசகர்கள்.

முள், நீங்கள் துலக்குவது ஓர் அரசியல் கொலை. கோல்பி பதவியில் இருந்தபோதுதான், 1975-இல், செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு சி.ஐ.ஏ.வின் கொலைத் திட்டங்களைத் தோண்டியது. காஸ்ட்ரோவைக் கொல்லப் போட்ட திட்டங்கள் அப்போதுதான் ஊரறிய வெளியே வந்தன. கோல்பி பல ரகசியங்களை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தார், அவருடைய ஆட்களே அதற்காக அவரை மன்னிக்கவில்லை. 1976 பிப்ரவரியில் அதிபர் ஃபோர்டு நிர்வாக ஆணை 11905-இல் கையெழுத்துப் போட்டார். அமெரிக்க அரசு ஊழியர் எவரும் அரசியல் படுகொலையில் ஈடுபடக் கூடாது என்று முதன்முதலாக எழுத்தில் வந்தது அதில்தான்.

இந்தப் பக்கம் கலுகின். 1978 செப்டம்பரில் லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவின் தொடையில் ஏதோ குத்தியது. நான்கு நாளில் இறந்துபோனார். உடலில் கிடைத்தது குண்டூசித் தலை அளவு உலோக உருண்டை, அதில் இருந்தது ரிசின் நஞ்சு என்று முடிவுக்கு வந்தார்கள். அதற்கு கே.ஜி.பி. உதவியது என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவர்களில் கலுகினும் ஒருவர். அந்த மனிதர் திரையில் வந்து பேசும்போது நடிப்பு சுமாராகத்தான் இருக்கும். ஆனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

அப்புறம், காலத்தைப் பாருங்கள். கேம் வந்தது 1996-இன் ஆரம்ப மாதங்களில். அதே ஆண்டு ஜூன் 16 அன்று ரஷ்யாவில் உண்மையிலேயே அதிபர் தேர்தல். எல்ட்சினும் ஜ்யுகானோவும் மோதி, ஜூலை 3 இரண்டாம் சுற்று வரை போனது. அதற்குள் கோல்பியே இல்லை. ஏப்ரல் 27 அன்று மேரிலாந்தில் தன் வீட்டிலிருந்து படகில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. மே 6 அன்றுதான் உடல் கிடைத்தது. நான் அவர் காட்சியைப் பார்த்தது அதற்கெல்லாம் பல ஆண்டுகள் கழித்து. தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

இதை முடித்ததும் பின்னால் ஒரு விசாரணைக் கட்டம் வரும். கைதியை வதைத்தும் பேசவைக்கலாம், தந்திரத்தாலும் பேசவைக்கலாம். அங்கே வந்ததும் சொல்லுங்கள், எந்தக் கதவைத் திறந்தீர்கள் என்று. நான் முதல் தடவை எதைத் திறந்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.


பழைய தட்டு எழுதியது:

நிழல்வீதி, நானும் அதே கதவுதான். பேசாமல் இருப்போம்.


முள் எழுதியது:

கிடைத்துவிட்டது!

விடையைச் சொல்லமாட்டேன், பின்னால் வருகிறவர்கள் சபிப்பார்கள். எப்படிக் கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன். பழைய தட்டு சொன்னபடி கருவியைத் திறக்காமல் முதலில் மின்னஞ்சலைப் படித்தேன். எல்லாவற்றையும், "படித்தாயிற்று" என்று நான் ஒதுக்கியதையும் சேர்த்து. ஒன்றில் இருந்த ஒரு வரியை நான் மூன்று முறை தாண்டிப் போயிருக்கிறேன். வவுச்சரைப் பார்க்காமல் பேரேட்டில் டிக் அடிக்கிற ஆளுக்கு நான் கொடுக்கிற தண்டனையை எனக்கே கொடுத்துக்கொண்டேன்: முதலிலிருந்து திரும்ப.

பிறகு படம். ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி. எந்த நொடியில் அடிபட்டது என்று ஒரே நொடியைக் குறித்துக்கொண்டு, அந்த நொடியில் அவர் எப்படி நின்றார் என்பதைக் காகிதத்தில் ஈர்க்குச்சி மனிதனாக வரைந்தேன். தலை, தோள், இடுப்பு. என் ஈர்க்குச்சி மனிதன் நான் நினைத்ததைவிட நிறையவே குனிந்திருந்தான். சாய்வைச் சேர்த்ததும் கோடு இறங்கியது. நான் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஜன்னல் பக்கமே அது போகவில்லை! அது போய் நின்ற இடத்தைப் பார்த்து முதலில், "இங்கேயா? இங்கே யார் ஒளிவான்?" என்றுதான் நினைத்தேன். நினைத்ததை வலப்பக்கப் பத்தியில் எழுதிவிட்டு, கோட்டை அப்படியே கொடுத்தேன். கதை நகர்ந்தது.

ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்று நம் ஆட்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கியவன்தான் நானும்.

கோணமானி அண்ணா, ஒரு சந்தேகம். அந்த 3 பாகை 9 கலையை நீங்கள் சொன்ன பிறகு மேடையும் சரிவாக இருக்குமோ என்று ஓர் அரை மணி நேரம் அளந்துகொண்டிருந்தேன். தட்டையாகத்தான் இருந்தது. உங்கள் தொழில்வியாதி எனக்கும் தொற்றிவிட்டதா?

சேவ் கோப்பு இப்போது ஏழு. பெயர்கள்: முள்1, முள்2, முள்2சரி, முள்2நிஜமாகவேசரி, அப்படிப் போகிறது.

நேற்று நள்ளிரவு தாண்டி நிழல்வீதி சொன்ன இடத்துக்கே வந்துவிட்டேன். கைதி எதிரில். நேரம் குறைவு என்று மேலிடம் நெருக்குகிறது. சுட்டியை ஒரு பக்கம் கொண்டுபோனேன், திரும்பக் கொண்டுவந்தேன், மறுபடி கொண்டுபோனேன். கடைசியில் "முள்8" என்று சேவ் செய்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இன்றைக்கும் இன்னும் திறக்கவில்லை.